தஞ்சையில் ஆர்க்கிட் ஏன் மறுபடி பூப்பதில்லை?



"எங்கள் வீட்டுக்கு ஆர்க்கிட் ராசியில்லை" என்று யாராவது சொல்லக் கேட்டிருக்கிறீர்களா? தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடிப் பக்கங்களில் இன்று இதைச் சொல்பவர்கள் பலர். கடையில் வாங்கிவந்தபோது வெள்ளையும் ஊதாவுமாகப் பத்துப் பூக்கள். இரண்டு மாதம் வாடாமல் நின்றன. பின் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. அதன் பிறகு செடி சாகவும் இல்லை, பூக்கவும் இல்லை. ஆண்டுக்கு இரண்டு புதிய இலை விட்டுக்கொண்டு சும்மா இருக்கிறது. முதலில் உரம் போடுகிறார்கள். பிறகு டீத்தூள், வெங்காயத் தோல் ஊறிய நீர், அரிசி கழுவிய நீர் என்று அக்கம்பக்கத்தார் சொன்னதையெல்லாம் ஊற்றுகிறார்கள். கடைசியில் குப்பைத்தொட்டி.

இதில் ராசிக்கு வேலை ஏதும் இல்லை. உரத்துக்கும் பெரிதாக வேலை இல்லை என்பது என் கருத்து. அந்தச் செடி பசியால் வாடவில்லை. அதற்கு வரவேண்டிய ஒரு செய்தி வந்து சேரவில்லை. அவ்வளவுதான்.

என்ன செய்தி? அதைச் சொல்லுமுன் செடியைச் சற்று அறிமுகம் செய்துகொள்வோம். நம் ஊர்க் கடைகளில் தொட்டியில் விற்கப்படும் ஆர்க்கிடுகளில் பெரும்பாலானவை ஃபெலனாப்சிஸ் என்ற இனத்தின் கலப்பு வகைகள். 1825-இல் புளூம் என்ற தாவரவியல் அறிஞர் இப்பெயரை வைத்தார். கிரேக்க மொழியில் 'அந்துப்பூச்சியைப் போன்றது' என்று பொருள். பூவைப் பார்த்தால் சிறகு விரித்த பூச்சிதான் நினைவுக்கு வரும். இமயத்தின் கிழக்குப் பகுதியிலிருந்து பிலிப்பைன்ஸ் தீவுகள் வரை உள்ள காடுகளில் இவ்வினச் செடிகள் மரக்கிளைகளில் ஒட்டி வளர்கின்றன. மரத்தை உறிஞ்சுவதில்லை, உட்கார இடம் மட்டுமே கேட்கின்றன. ஆகவே இவற்றை ஒட்டுண்ணி என்று சொல்வது தவறு. தொற்றுத் தாவரம் என்பதே சரி.

இன்று இவை காட்டிலிருந்து வருவன அல்ல. திசு வளர்ப்பு முறையில் ஆயிரக்கணக்கில் உருவாக்கிக் கண்ணாடி வீடுகளில் வளர்க்கிறார்கள். தைவானும் நெதர்லாந்தும் இத்தொழிலில் பெயர் பெற்றவை. அந்தக் கண்ணாடி வீட்டுக்காரர்கள் செய்யும் ஒரு காரியத்தைக் கவனியுங்கள். செடி சிறிதாக இருக்கும்போதே பூத்துவிட்டால் அவர்களுக்கு நட்டம். எனவே இலைகள் போதுமான அளவு பெருக்கும்வரை பூக்காமல் தடுத்து வைக்கிறார்கள். எப்படித் தெரியுமா? மருந்து எதுவும் தெளிப்பதில்லை. அறையின் வெப்பத்தை 28 டிகிரி செண்டிகிரேடுக்குக் குறையாமல் வைத்துக்கொள்கிறார்கள். விற்பனைக் காலம் நெருங்கும்போது வெப்பத்தை 20 டிகிரியை ஒட்டி இறக்குகிறார்கள். சில வாரங்களில் இலைக்கக்கத்திலிருந்து பூத்தண்டு எட்டிப் பார்க்கிறது.

28 டிகிரிக்குக் குறையாத அறை! நம் தஞ்சாவூர் வீடு வேறு எப்படி இருக்கிறது? சித்திரை, வைகாசியில் பகல் வெப்பம் 37 டிகிரியைத் தொடுகிறது. ஆடியிலும் ஆவணியிலும் பெரிதாகத் தணிவதில்லை. தொழில்முறை வளர்ப்பாளர்கள் பூவைத் தடுக்கக் கையாளும் அதே வெப்பத்தில் செடியை ஆண்டு முழுவதும் வைத்துக்கொண்டு, "ஏன் பூக்கவில்லை?" என்று நாம் கேட்கிறோம். செடி தன் கடமையைச் சரியாகவே செய்துகொண்டிருக்கிறது.

தாவரங்கள் செய்தி கேட்டுப் பூக்கின்றன என்பது உங்களுக்குப் புதுமையாகத் தோன்றலாம். ஆனால் காவிரிப் படுகையில் பிறந்தவர்களுக்கு இது புதுமையாக இருக்கக்கூடாது. உங்கள் தாத்தாவிடம் கேட்டுப் பாருங்கள். பழைய நீண்டகாலச் சம்பா ரகம் ஒன்றை ஆடியில் விதைத்தாலும் ஆவணியில் விதைத்தாலும், கதிர் வருவது ஏறக்குறைய ஒரே சமயத்தில்தான். முன்னால் விதைத்தவன் முன்னால் அறுப்பதில்லை. அதே விதையைத் தை மாதத்தில் விதைத்தால் என்ன ஆகும்? பயிர் பச்சைப்பசேலென்று வளரும், தூர் கட்டும், கதிர்தான் வராது. வைக்கோல் மட்டும் கிடைக்கும். குடும்பமே அந்த வயலை நம்பியிருந்தால் இது எத்தகைய இழப்பு என்று எண்ணிப் பாருங்கள். அதனால்தான் 'இந்தப் பட்டத்துக்கு இந்த நெல்' என்பதில் நம் உழவர்கள் அத்தனை கண்டிப்பாக இருந்தார்கள்.

சம்பா கேட்கும் செய்தி இரவின் நீளம். தஞ்சாவூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 10.8 டிகிரியில் இருக்கிறது. ஜூன் மாதத்தில் இங்கு மிக நீண்ட பகல் சுமார் 12 மணி 45 நிமிடம். டிசம்பரில் மிகக் குறுகிய பகல் சுமார் 11 மணி 30 நிமிடம். ஆண்டு முழுவதற்கும் வேறுபாடு ஒன்றேகால் மணி நேரமே! நீங்களும் நானும் கடிகாரம் பார்க்காமல் இதை உணர்வது கடினம். நெற்பயிர் உணர்கிறது. ஆவணி, புரட்டாசியில் பகல் மெல்லச் சுருங்கி இரவு நீள்வதை இலைகள் அறிந்து நுனிக்குத் தகவல் அனுப்புகின்றன. பின்னர் தொண்டைக்கதிர், பூ, பால்பிடிப்பு எல்லாம் வரிசையாக நடைபெறுகின்றன.

பகல் நீளத்துக்கும் பூப்பதற்கும் உள்ள இத்தொடர்பை 1920-இல் அமெரிக்காவில் கார்னர், அல்லார்டு என்னும் இருவர் புகையிலைச் செடியில் ஆராய்ந்து வெளியிட்டனர். அனுப்பப்படும் தகவல் எந்தப் பொருளால் ஆனது என்பது நெடுங்காலம் பிடிபடவில்லை. நெல்லில் அது இலையில் உருவாகித் தண்டின் நுனிக்குப் பயணம் செய்யும் ஒரு புரதம் என்று 2007-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். Hd3a என்னும் குறியீட்டை நாம் 'எச்.டி.3ஏ' என்று எழுதிக்கொள்வோம். அதே குடும்பத்தைச் சேர்ந்த மரபணு ஒன்று ஃபெலனாப்சிஸிலும் இருப்பதையும், குளிர்ச்சியில் அது சுறுசுறுப்படைவதையும் தைவானில் கண்டிருக்கிறார்கள். வயலில் நிற்கும் நெல்லும் சன்னலோரத்து ஆர்க்கிடும் இந்த விஷயத்தில் உறவுக்காரர்கள். நெல்லுக்குத் தந்தி கொண்டுவருவது இரவு. ஆர்க்கிடுக்குக் கொண்டுவருவது குளிர். கையெழுத்து ஏறக்குறைய ஒன்றே.

ஆர்க்கிட் குடும்பத்தில் இதைவிட வியப்பான ஒன்றும் உண்டு. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சாலையோர மரங்களில் 'புறா ஆர்க்கிட்' என்ற வெண்ணிறப் பூச்செடி வளர்கிறது. அந்த வட்டாரத்தில் உள்ள செடிகள் எல்லாம் ஒரே நாளில் பூத்து, ஒரே நாளில் வாடிவிடும். மொட்டுகள் முன்பே தயாராகி உறங்கிக்கொண்டிருக்கும். திடீரென்று ஒரு பெருமழை பெய்து வெப்பம் சுமார் 5 டிகிரி இறங்கினால் அவை விழித்துக்கொள்ளும். அன்றிலிருந்து ஒன்பதாம் நாள் ஊரெங்கும் பூ! சிங்கப்பூரில் உங்கள் உறவினர்கள் இருந்தால் எழுதிக் கேளுங்கள். இத்தனைக்கும் மழைநீரில் எந்த உரமும் கலந்து வரவில்லை.

இனி நம் தொட்டிச் செடிக்கு வருவோம். "குளிர் வேண்டும் என்றால் இரவில் வெளியே வைத்தால் போயிற்று" என்று நீங்கள் நினைக்கலாம். பல தோட்டக்கலைப் புத்தகங்களும் அப்படித்தான் கூறுகின்றன: பகலுக்கும் இரவுக்கும் நல்ல வெப்ப வேறுபாடு இருக்கவேண்டுமாம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு கூற்று பலரால் சொல்லப்படுவதாலேயே உண்மையாகிவிடாது அல்லவா? அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த இருவர் இதைச் சோதித்து 2006-இல் முடிவை வெளியிட்டனர். செடிகளைப் பல அறைகளில் பிரித்து வைத்துப் பகல் வெப்பத்தையும் இரவு வெப்பத்தையும் தனித்தனியே மாற்றினார்கள். பகல் 29 டிகிரியாக இருந்த அறையில், இரவை 17 டிகிரிக்கு இறக்கியும் பூத்தண்டு வரவில்லை. பகலும் இரவும் மாறாமல் 20, 23 டிகிரியிலேயே இருந்த அறைகளில் பெரும்பாலான செடிகள் தண்டு விட்டன. வேறுபாடு எதுவும் தேவைப்படவில்லை. ஃபெலனாப்சிஸுக்குச் செய்தி சொல்வது பகல் வெப்பம்தான் என்று அவர்கள் முடிவு கட்டினர்.

நமக்கு இது மிக முக்கியம். ஏனென்றால் டெல்டாவில் குளிர் என்றதும் எல்லாருக்கும் மார்கழிதான் நினைவுக்கு வரும். பனி கொட்டும் விடியற்காலை, கோலம், பஜனை. ஆனால் மார்கழியில் மழை ஓய்ந்து வானம் தெளிந்த நாட்களில், பிற்பகல் வெயில் வெப்பத்தை மறுபடி 29, 30 டிகிரிக்குக் கொண்டுபோய்விடும். விடியலில் நாம் நடுங்கினாலும் செடிக்கு அது போதாது. மாறாக ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை அடைமழையாகப் பிடித்துக்கொள்ளும் நாட்களை எண்ணிப் பாருங்கள். சூரியனே தலைகாட்டாது. காலைக்கும் மாலைக்கும் வேறுபாடு தெரியாது. பகல் முழுவதும் 25, 26 டிகிரியில் நின்றுவிடும். துணி காயாமல் அம்மா அலுத்துக்கொள்ளும் அந்த வாரங்கள்தான் ஆர்க்கிடுக்கு நல்ல காலம் என்று நான் கருதுகிறேன். ஆகவே மார்கழிக்காகக் காத்திராமல், ஐப்பசி பிறந்ததுமே செடியை வீட்டின் மிகக் குளிர்ந்த பகல் இடத்துக்கு மாற்றிவிட வேண்டும். அடுப்படிச் சுவரும் வேண்டாம். மேற்கு வெயில் படும் காங்கிரீட் மாடியும் வேண்டாம். வடக்குப் பக்கத் தாழ்வாரம், கிணற்றடி, மரநிழல் இவை பார்க்கத்தக்கவை. நாலைந்து வாரம் பகல் வெப்பம் 26 டிகிரிக்குக் கீழே நின்றால் தண்டு வர நல்ல வாய்ப்பு உண்டு. மழை பொய்த்த ஆண்டில் வாய்ப்பு குறைவு. அதை மறைப்பதில் பயனில்லை.

குளிர்சாதன அறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீடுகளில் அது பெரும்பாலும் இரவில்தான் ஓடுகிறது, மின்கட்டணம் அப்படி! ஆனால் வங்கியிலும் அலுவலகத்திலும் பகலில் ஓடுகிறது. எனவே படுக்கையறையில் பூக்காத செடி வங்கி மேலாளரின் சன்னலோரத்தில் பூத்துவிட்டால், அதை அவருடைய பதவியின் மகிமை என்று எண்ணிவிடாதீர்கள். காற்று உலர்ந்திருக்கும் என்பதால் அங்கே நீர் விடுவதில் மட்டும் கவனம் வேண்டும்.

நான் சொல்வதை நீங்கள் அப்படியே நம்பவேண்டும் என்பதில்லை. உங்கள் பள்ளி ஆய்வகத்தில் சிக்ஸின் பெரும, சிறும வெப்பநிலைமானி இருக்கிறதா என்று ஆசிரியரிடம் கேளுங்கள். 1780-ஆம் ஆண்டிலேயே கண்டுபிடிக்கப்பட்ட கருவி அது. ஒரு நாளின் மிக உயர்ந்த வெப்பத்தையும் மிகக் குறைந்த வெப்பத்தையும் தானே குறித்து வைத்துக்கொள்ளும். இல்லையென்றால் இன்று குறைந்த விலையில் மின்னணுக் கருவிகள் கிடைக்கின்றன. வீட்டில் மூன்று இடங்களைத் தேர்ந்து, புரட்டாசி முதல் தை வரை நாள்தோறும் இரு எண்களையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வாருங்கள். பூக்காத செடிகள் இரண்டு கிடைத்தால் இன்னும் நல்லது. இலை எண்ணிக்கையில் ஒத்த இரண்டை எடுத்து, ஒன்றை வழக்கமான கூடத்திலும் மற்றொன்றைக் குளிர்ந்த இடத்திலும் வையுங்கள். இரண்டுக்கும் நீரும் உரமும் ஒன்றாகவே இருக்கட்டும். ஒளியும் கூடியவரை ஒத்திருக்கட்டும். இரண்டு செடிகளை வைத்து உலகத்துக்குச் சட்டம் எழுத முடியாதுதான். ஆனால் பத்து மாணவர்கள் பத்து ஊர்களில் செய்தால் கணக்கு கனமாகிவிடும். நாகப்பட்டினத்தின் கடற்காற்றும் தஞ்சாவூரின் வல்லம் மேட்டுக் காற்றும் ஒன்றல்லவே!

உரம் வேண்டவே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும், கொஞ்சமாக. செய்தி வந்தாலும் அதைக் கேட்டு வேலை செய்ய உடம்பில் வலு இருக்கவேண்டும். நலிந்த செடி பூக்காது. வலு என்பது இங்கு பெரும்பாலும் வேரைப் பொறுத்தது. ஃபெலனாப்சிஸின் வேர் மீது வெலாமன் என்ற பஞ்சு போன்ற உறை உண்டு. காய்ந்திருக்கும்போது வெள்ளிபோல் வெளுத்திருக்கும். நீர் குடித்தால் பச்சையாகும். இந்த நிறத்தைப் பார்த்தே நீர் விடலாம். நாள் தவறாமல் ஊற்றுவதால் அழுகிய வேர்கள்தான் அதிகம்.

நம் பகுதியில் இன்னொரு தவறும் நடக்கிறது. காவிரி வண்டலைவிட நல்ல மண் உலகில் ஏது என்ற பெருமையில் ஆர்க்கிடை வண்டல் மண்ணில் நட்டுவிடுகிறார்கள். நெல்லுக்கு அது அமுதம். காற்றில் தொங்கிப் பழகிய வேருக்கோ மூச்சுத் திணறல். தேங்காய் மட்டைத் துண்டு, அடுப்புக்கரி, செங்கல் சில்லு இவை போதும். மட்டையை இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றிக் கழுவிய பின் பயன்படுத்துங்கள். கடலோரத்தில், குறிப்பாக வேதாரண்யம் பக்கத்தில், நிலத்தடி நீர் உப்பாக இருக்கும் இடங்களில் மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றுவது நல்லது. நடுக்குருத்தில் நீர் தேங்கவிடாதீர்கள். நம் மழைக்காலத்தில் செடி சாவதற்கு முதற் காரணம் அதுவே.

பூ உதிர்ந்ததும் தண்டை அடியோடு வெட்டவேண்டுமா என்பதில் ஆளுக்கு ஒரு கருத்து. தண்டு பச்சையாக இருந்தால் விட்டுவையுங்கள். அதன் கணுக்களிலிருந்து சிலசமயம் பக்கக் கிளை வந்து பூக்கும். மஞ்சளாகிக் காய்ந்தால் வெட்டலாம்.

இவ்வளவு பாடும் பட்டு, டெல்டாவில் ஃபெலனாப்சிஸ்தான் வளர்க்க வேண்டுமா? இங்குதான் எனக்குக் கடைக்காரர்கள் மீது வருத்தம். சுற்றியிருக்கும் பளபளப்புக் காகிதத்துக்கு விலை சேர்க்கிறார்கள். 'மறுபடி பூக்க 26 டிகிரிக்குக் குறைந்த பகல் வேண்டும்' என்று ஒரு சீட்டு ஒட்டுவதில்லை. ஒட்டினால் வாங்குபவர் யோசிப்பார் அல்லவா! நெல் விதை விற்பவர் இது குறுவைக்கு உகந்தது, இது சம்பாவுக்கு உகந்தது என்று சொல்லாமல் விற்றால் நம் ஊரில் சும்மா விடுவார்களா? 1922-இல் தொடங்கப்பட்ட ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் நூறாண்டுக்கு மேலாகச் செய்துவரும் வேலையில் பெரும்பகுதி, எந்த ரகம் எந்தப் பருவத்துக்கு என்று கண்டறிவதுதானே? அந்த அறிவு பூந்தொட்டிக்கும் ஏன் வரக்கூடாது?

வெப்பத்திலேயே பூக்கும் ஆர்க்கிடுகள் உண்டு. கல்யாண மேடைகளில் ஊதாச் சரமாகத் தொங்கும் டெண்டிரோபியம் கலப்பு வகைகள் அவற்றில் ஒன்று. கேரளத்தின் வெப்பமான சமவெளிகளில் அவற்றை வணிகமுறையில் பயிரிடுகிறார்கள். சிங்கப்பூரின் தேசிய மலரான 'வாண்டா மிஸ் ஜோக்கிம்' முழு வெயிலில் ஆண்டெல்லாம் பூப்பது. ஆக்னஸ் ஜோக்கிம் என்ற பெண்மணியின் தோட்டத்தில் உருவான அந்தக் கலப்புச் செடி 1893-இல் உலகுக்கு அறிமுகமாயிற்று. 1981-இல் தேசிய மலராயிற்று. ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. சுற்றுலா போகும்போது சென்று பாருங்கள். அந்த மலைக் குளிரில் எவை செழிக்கின்றன என்று பார்த்தால், எவை நம் ஊருக்கு ஆகா என்பதும் விளங்கும்.

வெளிநாட்டு வகைகளை விடுங்கள். தமிழகச் சமவெளிகளுக்கே உரிய ஆர்க்கிட் ஒன்றும் இருக்கிறது. வாண்டா டெசலேட்டா என்று அதற்குப் பெயர். மா போன்ற பழைய மரங்களின் கிளைகளில் வார் போன்ற இலைகளோடு தொற்றி நிற்கும். மஞ்சளும் பழுப்புமாகக் கட்டம் போட்ட இதழ்கள், நடுவில் நீல ஊதா நிற உதடு, நல்ல மணம். நம் வெப்பத்துக்குப் பழகிய செடி. குளிர் கேட்டு அடம் பிடிக்காது. ஆனால் இதைப் படித்துவிட்டு மரத்தில் ஏறிப் பிய்த்து வந்துவிடாதீர்கள். காட்டு ஆர்க்கிடுகளைப் பிடுங்கி விற்றதால் பல இனங்கள் அருகிவிட்டன. இன்று உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கையின்படி ஆர்க்கிட் குடும்பம் முழுவதன் பன்னாட்டு வணிகமும் கட்டுப்பாட்டில் இருக்கிறது. கிளையிலிருந்து பிய்க்கும்போது வேர் அறுந்துவிடும்; பெரும்பாலும் தொட்டியில் பிழைக்காது. புயலில் சாய்ந்த மரத்தில் கண்டால் மட்டும், உரியவரிடம் கேட்டு எடுத்து, பக்கத்தில் நிற்கும் இன்னொரு மரத்தில் தேங்காய் நாரால் கட்டிவையுங்கள். கிழக்கு வெளிச்சம் படும் கிளையாக இருக்கட்டும். முதல் இரண்டு மாதம், மழையில்லாத நாட்களில், காலையில் ஒரு செம்பு நீர் வேரில் தெளித்தால் போதும். வேர் பட்டையைப் பற்றிக்கொண்டதும் அதையும் நிறுத்திவிடலாம்.